பில் போட்டுக்கொண்டே பேக்கப் எடுக்கலாமா?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் கேட்டிருக்கிறார்: "கடையில் 7 கவுண்டர். பில்லிங் சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் ஓடுகிறது. தினமும் ராத்திரி 8 மணிக்கு டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி செய்வோம். போன வாரம் புது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் திறக்கவே இல்லை. தினமும் எல்லாரையும் வெளியேறச் சொல்லி, சர்வரை நிறுத்தித்தான் எடுக்க வேண்டுமா? சீசனில் 11 மணி வரை பில் ஓடும்."

நிறுத்தத் தேவையில்லை. ஆனால் ஓடுகிற ஃபோல்டரைக் காப்பி செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

7 பேர் ஒரே பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பில் பக்கத்தை 8:01-க்கு எடுத்தாயிற்று. 8:02-க்கு நாலாவது கவுண்டர் 20 வேட்டி பில் போடுகிறது. ஸ்டாக் பக்கத்தை 8:03-க்கு எடுக்கிறீர்கள். உங்கள் நகலில் 20 வேட்டி குறைந்திருக்கும், அதற்கான பில் இருக்காது. போதாக்குறைக்கு, சேமித்த மாற்றங்களில் சில இன்னும் மெமரியிலும், மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலிலும்தான் இருக்கும். அதனால்தான் திறக்கவில்லை. கூகுள் டிரைவோடு அந்த ஃபோல்டரை இணைத்துவிட்டாலும் இதே கதைதான்.

நகலை டேட்டாபேஸிடமே கேட்டு வாங்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கருவி அதனுடனேயே வருகிறது, தனிக் காசு கிடையாது. 'சிங்கிள் டிரான்ஸாக்ஷன்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால், தொடங்கிய நொடியில் கணக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுதித் தரும். அதற்குப் பிறகு விழும் பில்கள் அதில் வராது, கவுண்டர்களும் நிற்காது. 'ரொட்டீன்ஸ்' என்ற விருப்பத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டேட்டா எல்லாம் திரும்ப வரும், ஆனால் டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்த நிரல்கள் வராமல் பில்லிங் பாதியில் நிற்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். நான் சொன்ன வசதி இன்னோடிபி வகை டேபிள்களுக்கு (டேட்டாவை வைக்கும் அட்டவணைகளுக்கு) மட்டும்தான். 2010-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பிலிருந்து அதுதான் வழக்கம். அதற்கு முன் எழுதிய சாஃப்ட்வேரில் மைஐஎஸ்ஏஎம் வகை இருக்கலாம். டேட்டா ஃபோல்டருக்குள் உங்கள் கடையின் டேட்டாபேஸ் பெயரில் உள்ள துணை ஃபோல்டரைத் திறந்து, எம்ஒய்டி என்று முடியும் ஃபைல் இருக்கிறதா பாருங்கள். 'மைஎஸ்க்யூஎல்' என்ற துணை ஃபோல்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பழைய பதிப்புகளில் அங்கே அவை இருப்பது இயல்பு. உங்கள் ஃபோல்டரில் ஒன்றிரண்டு இருந்தாலும் அந்த டேபிள்களைப் பூட்டித்தான் எடுக்க வேண்டும், கவுண்டர்கள் அதுவரை காத்திருக்கும். சாஃப்ட்வேர் எழுதியவரிடம் சொல்லி, ஒரு லீவு நாளில், முழு நகல் எடுத்துக்கொண்டு, இன்னோடிபி-க்கு மாற்றிவிடுவதுதான் நிரந்தர வழி. "ஓடுகிறதே சார், எதுக்கு?" என்பார்கள். விடாதீர்கள்.

அப்புறம் பாஸ்வேர்ட். டேட்டாபேஸின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்ட் உங்கள் கையில் இருக்கிறதா? முக்கால்வாசிக் கடைகளில் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) காரரிடம்தான் இருக்கும். ஆள் மாற்ற நினைத்தால் அதையே பிடித்து வைத்துப் பேரம் பேசுவார்கள். கணக்கு உங்களுடையது. எழுதி வாங்கிப் பீரோவில் வையுங்கள். "ஆட்டோ பேக்கப்" என்று தனியாகக் காசு கேட்டு வருபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "போன வார நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் என் கண் முன்னால் ஏற்றிக் காட்டுங்கள்." நான் போன ஒரு கடையில் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்ட் மாறியது யாருக்கும் தெரியவில்லை. 3 மாத ஃபைல்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் 0 கேபி. அந்தக் கடைக்காரர் முகம் இன்னும் மறக்கவில்லை.

பெரிய இடத்திலும் நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். தினசரி டம்ப் (டேட்டாபேஸ் எழுதித் தரும் நகல்) பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்ததும், எச்சரிக்கை மின்னஞ்சல்கள் போய்ச் சேராததும் அன்றுதான் தெரிந்தன. சுமார் 6 மணி நேர டேட்டா போயிற்று.

நம் சட்டம் ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிகள் என்றால் தினமும் பேக்கப் எடுத்து இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதியே போட்டார்கள். நல்லது. ஆனால் அந்த நகல் திறக்குமா என்று எந்த அதிகாரியாவது வந்து கேட்டிருக்கிறாரா? விழுந்து எழ வேண்டியவர் நீங்கள்தான்.

தினமும் காலையில் முதல் வேலையாக டம்ப் ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதி, நேரத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் நின்றிருக்கிறது. மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, முந்தின நாளின் கடைசி பில் நம்பரைக் கடைப் பிரதியோடு ஒப்பிடுங்கள். ஒரு நகல் கடைக்கு வெளியே இருக்கட்டும்.

கையில் உள்ள பழைய பென்டிரைவை எறிந்துவிடாதீர்கள். சர்வரை முழுதாக நிறுத்திய ஏதாவது ஒரு நாளில் முழு ஃபோல்டரையும் எடுத்திருந்தால், அதே பதிப்பு மைஎஸ்க்யூஎல்-லில் அது திறக்கும்.