மாத்திரையும் சாட்சியும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அதைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். நான் பள்ளியில் வேலை செய்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, குஞ்சப்பனை தாண்டியதும் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு அடைத்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு பஸ் என்றாலே பயம். தூக்கம் போயிற்று. பிள்ளைகள் பேசுவதுகூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த வருடம் மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குப் போனேன். அங்கே வாயால் சொல்ல முடியாத சமாதானம் கிடைத்தது. விடுதலையாகிவிட்டேன் என்று மாத்திரையை அன்றோடு நிறுத்தினேன். சில நாட்களிலேயே தலைசுற்றல், கெட்ட கனவுகள், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு. பிசாசின் போராட்டம் என்றார்கள். கணவர் மறுபடியும் மருத்துவரிடம் கொண்டுபோனார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், பரவாயில்லை. ஆனால் சபையில் யாருக்கும் தெரியாது. அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொல்லும்படி ஆயரம்மா கேட்கிறார். மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு ‘ஆண்டவர் எனக்குச் சமாதானம் தந்தார்’ என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகாதா?

இன்னொன்று. ஊட்டிக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை காந்தல் குருசடியில், அந்தக் கத்தோலிக்கச் சிலுவைத் திருத்தலத்தில், வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் மனம் லேசானது. அதுவும் தவறா?

ச.

*

அன்புள்ள சகோதரி,

குருசடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மே 3ஆம் தேதி காந்தல் திருவிழாவுக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. இந்துக்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்ததற்காக ஒரு கிறிஸ்தவப் பெண் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மறுபடியும் போகத் தோன்றினால் போங்கள்.

இனி சாட்சி. மாத்திரை சாப்பிடுவதால் உங்கள் சாட்சி பொய்யாகிவிடாது. மாத்திரையை மறைத்துச் சொன்னால் பொய்யாகலாம். நீங்கள் முன்னால் நின்று ‘பயத்திலிருந்து ஆண்டவர் என்னை விடுவித்தார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தால், பின் வரிசையில் உங்களைப் போலவே ஒளித்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி அன்றிரவே அதைக் குப்பையில் போடக்கூடும். உபவாச ஜெபம் முடிந்து நீங்கள் செய்ததும் அதுதானே? யாரோ ஒருவர் பாதியை விட்டுவிட்டுச் சொன்ன சாட்சி உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அதற்காக உங்கள் மருத்துவச் சீட்டைப் பீடத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் உடம்பு உங்கள் சொந்த விஷயம். சொல்வதானால் முழுவதையும் சொல்லுங்கள். அதற்குத் துணிவு வரவில்லை என்றால், ‘இந்த வருடம் வேண்டாம் அம்மா’ என்று ஆயரம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டில் எதுவும் பாவம் இல்லை.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் முறைமீது எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. முடிந்துபோன கதைக்கு மட்டுமே அங்கே இடம். கடன் இருந்தது, அடைந்தது. வியாதி இருந்தது, போயிற்று. நடுவில் நிற்கிறவருக்கு மைக் கிடைக்காது. ஆனால் வேதாகமத்தில் அவர்களுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை கடைசி வரிகளிலாவது துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதன் தலைப்பைப் பாருங்கள்: அது இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்ட பாட்டு. மனம் உடைந்த ஒருவன் தனியாக எழுதி ஒளித்துவைத்ததல்ல, பாடகர் குழு பாடுவதற்கென்றே கொடுக்கப்பட்டது. அறுப்பின் பண்டிகையில் அதை வாசிக்கிற சபையை நான் இதுவரை பார்த்ததில்லை. வாசித்தால் அன்றைக்கு எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கேள்விக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. சமாதானம் வந்திருந்தால் நடுக்கம் போயிருக்க வேண்டும், நடுக்கம் போகவில்லை, ஆகவே வந்தது சமாதானம் அல்ல என்று கணக்குப் போடுகிறீர்கள். ‘சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்’ என்று இயேசு சொன்னது எந்த இரவில்? பிடிபடுவதற்கு முந்தைய சில மணி நேரங்களில். அதே இரவில் கெத்செமனே தோட்டத்தில் அவர் ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்’ என்று மாற்கு எழுதுகிறார். ‘என்னுடைய சமாதானம்’ என்று சொன்னவருக்கே திகில் வந்தது. மூன்று நண்பர்களைக் கூடவே இருக்கச் சொன்னார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். ஆகவே அவர் கொடுத்ததாகச் சொன்ன சமாதானம் நடுக்கத்தோடு ஒரே உடம்பில் இருக்கக்கூடியதாகத்தான் இருக்க வேண்டும். உபவாச ஜெபத்தில் நீங்கள் உணர்ந்தது மெய் என்றே நான் நம்புகிறேன். அதை நோய் குணமானதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டதில்தான் வினை வந்தது.

பவுலை எடுத்துக்கொள்வோம். பயப்படுகிறவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோகும் வசனம், ‘நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்ற பிலிப்பியர் 4:6. அதை அவர் காவலில் இருந்தபடி எழுதினார். அதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் போனால், தன் உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்ததைச் சொல்லி, தனக்குத் ‘துக்கத்தின்மேல் துக்கம்’ வராமல் தேவன் இரங்கினார் என்கிறார். தன் துக்கம் குறையும்படி அவனைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதாகவும் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இன்னும் வெளிப்படை: சபைகளைக் குறித்த ‘கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது.’ அந்தப் பவுலிடம் போய் ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை ஐயா’ என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் அவர் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் ‘வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை.

மாத்திரையை நிறுத்தியதும் உங்களுக்கு வந்தவற்றைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் பல மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி உணர்வு, விசித்திரக் கனவுகள், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு எல்லாம் வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பட்டியல்தான். அதில் பிசாசுக்கு வேலை இல்லை. இந்த மருந்துகள் பலன் காட்டத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்டதாகத் தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து சாப்பிட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் முறை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு வரும். இதுவரை அந்த ரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்றால் அடுத்த முறை கேளுங்கள். சாப்பிடாமல் இருக்கும் உபவாசம் இப்போதைக்கு வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் ஏற்கெனவே குலைந்திருக்கும் உடம்பு அது. கஞ்சியைக் குடித்துவிட்டு ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார்.

பஸ்ஸில் வந்தது பதற்றத் தாக்குதல் என்றே தெரிகிறது. ஆபத்து எதுவும் இல்லாதபோது உடம்பு அபாயமணி அடிக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சிக்குப் போய் பிறகு தானாக இறங்கும். பயந்து பஸ்ஸையே தவிர்த்தால் பயம் கெட்டிப்படும். மருத்துவரோ மனநல ஆலோசகரோ சொல்லும் விதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக அதே பாதையில் பழக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஜெபிக்கலாமா என்றால் தாராளமாக. ஆனால் ‘இதை உடனே நிறுத்தும் ஆண்டவரே’ என்று ஜெபித்தால் நிமிடத்துக்கு நிமிடம் நின்றதா, நின்றதா என்று உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பீர்கள். ‘கூட இரும்’ என்பது போதும்.

நம் சபைகளில், இங்கிலாந்தின் பெரிய பிரசங்கியாரான ஸ்பர்ஜனின் பெயரைச் சொல்லாத பிரசங்கியார் குறைவு. அவருடைய இன்னொரு பக்கத்தை அநேகமாக யாரும் சொல்வதில்லை. 1856 அக்டோபரில் லண்டனில் ஒரு பெரிய இசையரங்கில் ஆயிரக்கணக்கானோருக்கு அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ ‘தீ’ என்று கூச்சலிட்டார்கள். தீ எதுவும் இல்லை. நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 22. நிலைகுலைந்துபோனார். பிறகு பிரசங்க மேடைக்குத் திரும்பினார், உலகப் புகழ் பெற்றார், ஆனால் மனச்சோர்வு கடைசிவரை அவரை விட்டு விலகவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஊழியத்துக்குப் படித்த மாணவர்களிடமே தன் சோர்வைப் பற்றிப் பேசினார், காரணமே இல்லாமலும் அது வரும் என்றார். லண்டன் குளிர் தாங்காமல் தெற்கு பிரான்சில் மந்தோன் என்ற ஊருக்கு ஓய்வுக்காகப் போய்வந்தார், 1892இல் அங்கேதான் இறந்தார். வெயில் தேடிப் போனதற்காக அவரை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் நாள் கணக்கில் வெளிச்சம் இல்லாமல் கிடக்கும் வீடுகளை நினைத்துச் சொல்கிறேன்: வெயில் அடிக்கிற அன்றைக்குத் துணி காயப்போடும் சாக்கிலாவது வெளியே இருங்கள்.

ஜெபத்தைப் பற்றி ஒரு யோசனை, இது என் சொந்த அபிப்பிராயம். சோர்வு மிகுந்த நாட்களில் சொந்த வார்த்தையில் ஜெபிக்க முயலாதீர்கள். மனம் உங்களையே குற்றம் சாட்டும் வார்த்தைகளைத்தான் கொண்டுவந்து கொடுக்கும். அரை மணி நேரம் ஜெபித்து எழுந்தால் முன்பைவிடப் பாரமாக இருக்கும். அச்சிட்ட ஜெபத்தைக் கையில் எடுங்கள். ஆராதனை முறைமையில் உள்ள ஜெபங்கள், ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம். உணர்ச்சி வராவிட்டாலும் வாசியுங்கள். ‘எழுதி வைத்ததை வாசிப்பது ஜெபமா’ என்று உற்சாகமான இளைஞர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நல்ல தூக்கம் வருகிறது, கேட்கட்டும். உங்களுக்கு வார்த்தை இல்லாத நாளில் நூற்றாண்டுகளாகப் பலர் சொல்லிய வார்த்தை அங்கே இருக்கிறது. காந்தலில் உங்கள் மனம் லேசானதற்கும் இதில் பங்கு இருக்கலாம். அங்கே உங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, முன்னால் வரும்படி அழைக்கவும் இல்லை.

விசுவாசத்தையும் மனநல மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இலேயே பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. மனநோயாளிகளைச் சுவருக்குள் தள்ளிப் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. அங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் வந்து தங்க வேண்டும் என்று வைத்தார்கள். என்ன நோய், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களும் கற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். ஜெபிக்கத் தெரிந்த மருத்துவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் உங்கள் கணவர். மற்றவர்கள் பிசாசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மருத்துவரிடம் கூட்டிப்போனார். அடுத்த முறை அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் உள்ளேயும் அழைத்துப்போங்கள், சந்தேகங்களை அவரும் கேட்கட்டும். இரவில் தாங்க முடியாமல் போனாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவரை எழுப்புங்கள். 14416 என்ற எண்ணை இருவர் போனிலும் பதிந்துவையுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். மழையில் பாதை அடைபட்டால் மருந்துக்கடைக்குப் போக முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.