எக்ஸ்ரே நார்மல், ஊதும் டெஸ்ட்டில் 0.62: அம்மாவுக்கு ஆஸ்துமாவா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர், புகைப்பழக்கம் இல்லை. இரண்டு வருடமாகக் காலையில் சளியோடு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே நார்மல். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் டெஸ்ட்டில் எஃப்.இ.வி.1 1.20 லிட்டர், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப் பின் 1.28, விகிதம் 0.62. இது ஆஸ்துமாவா? இன்ஹேலர் பழகிவிடுமா?

பதில்: காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை எக்ஸ்ரே காட்டாது; ஊதும் டெஸ்ட்தான் காட்டும். முழு மூச்சை இழுத்து ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று எஃப்.வி.சி.; அதில் முதல் விநாடியில் வருவது எஃப்.இ.வி.1. எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்தால் வருவதுதான் விகிதம்; மருந்துக்குப் பிறகும் அது 0.70-க்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு நீடிக்கிறது என்று பொருள்.

மருந்துக்குப் பின் அம்மாவுக்கு எஃப்.இ.வி.1 கூடியது 80 மில்லிதான். 12 சதவீதமும் 200 மில்லியும் கூடியிருந்தால் ஆஸ்துமாவை முதலில் நினைப்பேன். சிறுவயதில் இழுப்பு, வந்து வந்து போகும் வீசிங் எதுவும் இல்லையென்றால், இது சிஓபிடியாக (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) இருக்கவே வாய்ப்பு அதிகம். பீடி குடிப்பவர்களுக்குத்தான் அது வரும் என்று நினைத்து, அடுப்புப் புகையில் நின்ற பெண்களை நாம் கோட்டைவிடுகிறோம். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

ரிப்போர்ட்டின் வரைபடத்தையும் பாருங்கள். பல அம்மாக்கள் கூச்சப்பட்டு இரண்டு விநாடியில் வாயை எடுத்துவிடுவார்கள். டெக்னீஷியன் பக்கத்தில் நின்று "ஊதுங்கம்மா, இன்னும், இன்னும்" என்று ஆறு விநாடியாவது ஊத வைக்க வேண்டும். மூன்று முறை சரியாக ஊதியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் எஃப்.வி.சி. குறைந்து, விகிதம் உண்மையைவிடக் கூடுதலாக, நல்லதுபோலத் தெரியும். அப்படியிருந்தும் 0.62 என்றால் அலட்சியம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல் என்பதால், காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

இன்ஹேலர் போதைப் பழக்கம் ஆகாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஒரு அழுத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் அந்தச் சிறிய அளவே போதும். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) மாட்டி, மெதுவாக இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும்.

விறகடுப்பு இன்னும் எரிகிறதா? முதலில் அதை நிறுத்துங்கள். கெட்டுப்போன பகுதி திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.