முதலில் காற்றை இறக்குங்கள்: கனரக வண்டிச் சக்கரங்கள் பற்றிக் கேள்வி பதில்

கல் குவாரி, கிரஷர் வண்டிகளுக்கு 26 வருடமாக டயர் கழற்றி மாட்டுகிறேன். சக்கர வேலையைப் பற்றி ஓட்டுநர்களும் ஆபரேட்டர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணே, டிப்பரின் பின்பக்க ஜோடி டயரில் உள் டயர் பஞ்சர். வெளி டயர் நன்றாக இருக்கிறது. அதிலும் காற்றை இறக்கச் சொல்கிறார் கடைக்காரர். தேவையா?

தேவைதான் தம்பி. வீல் நட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்பே இரண்டிலும் இறக்கிவிடுங்கள். உள் ரிம் விரிசல் விட்டிருக்கிறதா, லாக் ரிங் (டயரை ரிம்மில் பூட்டி வைக்கும் இரும்பு வளையம்) நகர்ந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. சில நேரம் அந்த ரிம்மையும் ரிங்கையும் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்த நட்டுகள்தான். 100 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 45 கிலோ தள்ளுகிறது. 20 அங்குல ரிம்முக்குக் கூட்டிப் பாருங்கள், பல டன் வரும்.

வால்வு பின்னை முழுதாகக் கழற்றுங்கள். சத்தம் நின்ற பிறகும் வால்வுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் காற்று போய்விட்டது போலவே இருக்கும். நான் ஹெல்பராக இருந்தபோது, ஒரு கடையில் லாக் ரிங் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சக்கரத்தின்மேல் குனிந்திருந்தவர் அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

லாக் ரிங் சரியாக உட்காராவிட்டால், காற்று ஏறும்போதே சுத்தியலால் தட்டுகிறார்களே?

கூடவே கூடாது. காற்றை முழுக்க இறக்கி, பிரித்து, துருவைச் சுரண்டி, மறுபடி மாட்ட வேண்டும். வளைந்த ரிங்கை நிமிர்த்திப் போடுவது, அளவு ஒத்துப்போகிறதென்று வேறு கம்பெனி ரிங்கைப் போடுவது, இரண்டுமே ஆபத்து. கழற்றிய சக்கரத்துக்கு, ரிங் பறந்தாலும் தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். வால்வைத் தானே கவ்விக்கொள்ளும் கிளிப்பும் நீளமான ஹோஸும் இருந்தால் தள்ளி நின்று அடிக்கலாம். ரிங் பார்க்கும் திசையில் யாரும் நிற்கக் கூடாது.

காற்று குறைந்து ஓடிய டயருக்கும் ஒரு கணக்கு உண்டு. இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ ஓடியிருந்தால், வண்டியில் வைத்தே அடிக்காமல், கழற்றிப் பார்த்த பிறகே அடிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ஜேசிபியின் பின் சக்கரத்தைக் கழற்ற, பின்னால் இருக்கும் கால்களை ஊன்றித் தூக்கினால் போதுமா?

தூக்க மட்டும் போதும், தாங்க விடாதீர்கள். அந்தக் கால்களுக்கு எண்ணெய் போகும் ஹோஸ் ஒன்று வெடித்தால் வண்டி சட்டென்று இறங்கிவிடும். கெட்டியான சமதரையில் நிறுத்தி, முன் பக்கெட்டைத் தரையில் அழுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கியதும் ஆக்சிலுக்குக் கீழே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை அதன்மேல் இறக்குங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பெரிய லோடர் என்றால் சக்கரமே அரை டன் அளவில் வரும். கிரேனோ போர்க்லிப்டோ இல்லாமல் தொடாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து பிடித்தாலும் சாயும்போது நிற்காது.

நட்டு துருவேறி இறுகிவிட்டது. கேஸ் வைத்துச் சூடாக்கலாமா?

டயர் ரிம்மில் இருக்கும்வரை வேண்டவே வேண்டாம். வெல்டிங்கும் அப்படித்தான். சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து, எரியும் வாயு சேரும். பிறகு குண்டு போல வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோமே என்பது இதில் செல்லாது. துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், அசையாவிட்டால் நட் ஸ்பிளிட்டரால் உடையுங்கள்.

டிப்பரின் தொட்டி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டாலும் இதே ஆபத்துதான். டயர் பல மணி நேரம் கழித்துக்கூட வெடிக்கலாம். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் அப்படிப்பட்ட வண்டியைச் சுற்றி 300 மீட்டருக்குள் 24 மணி நேரம் யாரையும் விடுவதில்லை.

மாட்டிய நட்டு இரண்டே நாளில் தளர்கிறது. ஏன்?

சக்கரத்தின் டிஸ்க்குக்கும், அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே பெயின்ட், துரு, மண் இருந்திருக்கும். ஓட ஓட அது நசுங்கியதும் பிடி போய்விடும். கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். எதிரெதிர் நட்டாக முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு நிறுத்துங்கள். ஸ்பேனரில் பைப் சொருகி ஏறி மிதித்தால் நட்டு ஏறும் ஸ்டட் போல்ட் இழுபட்டுப் பிறகு ஒடியும். முதல் சில மணி நேரம் ஓடியதும் மறுபடி முடுக்கிப் பாருங்கள், மறுநாள் காலை இன்னொரு முறை.