லாமிவுடின் ஏன் சீக்கிரம் தோக்குது?

எச்ஐவி மருந்தான லாமிவுடினுக்கு அந்த வைரஸ் சட்டுனு பழகிடுது, இன்னொரு எச்ஐவி மருந்தான ஏஇசட்டிக்கு மட்டும் ஏன் நாளாகுதுன்னு கேட்டிருக்கீங்க. நம்ம வாளையார் வழியா போற கூட்ஸ் வண்டிய நினைச்சுக்கோங்க, கொக்கி இருந்தாத்தான் அடுத்த பெட்டி மாட்டும், இந்த மருந்துங்க வைரஸ் டிஎன்ஏல போலி பெட்டியா மாட்டிக்கும், ஆனா இதுங்கள்ல சர்க்கரை வளையத்தோட 3வது இடத்துல ஓஎச்ங்கிற கொக்கி கிடையாது, அதனால வைரஸ் டிஎன்ஏ அங்கயே நின்னுடும். லாமிவுடின் சாதாரண டிஎன்ஏ பெட்டிய கண்ணாடில பாத்த மாதிரி இடம் வலம் மாறின உருவம், அந்த 3வது இடத்துல சல்ஃபர் வேற. வைரஸ் டிஎன்ஏவ கட்டுற என்சைம்ல 184வது அமினோ அமிலமான மெத்தியோனின் போய் வேலின்ங்கிற வேற அமினோ அமிலம் வந்தா அதோட கிளை இந்த வளையத்துல இடிக்கும், ஒரே மாற்றம், கதை முடிஞ்சுது. 1987ல வந்த ஏஇசட்டில கொக்கி இடத்துல அசைடு, அதாவது மூணு நைட்ரஜன் சேர்ந்த தொகுதி. மருந்துக்குப் பழகின வைரஸோட என்சைம் இத மாட்டினப்புறம் ஏடிபிங்கிற செல்லோட சக்தி மூலக்கூற வச்சு கழட்டி எறியுது, அதுக்கு பல மாற்றம் சேரணும். வேடிக்கை என்னன்னா, 184 மாறின வைரஸ் ஏஇசட்டிகிட்ட இன்னும் கொஞ்சம் அடங்கிப் போகும்.