டி.ஓ. ரெசிடென்டுக்கு எம்.டி. ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுப்பது?

அமெரிக்காவில் ஒரு குடும்ப மருத்துவ ரெசிடென்சியில் (மருத்துவப் படிப்பை முடித்தவர்கள் பெறும் பயிற்சி; பெறுபவர் ரெசிடென்ட்) ஆசிரியராக இருக்கிறேன். நான் டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவன்; உடன் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எம்.டி., அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். ஆஸ்டியோபதி பயிற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

டி.ஓ. என்றால் நம்மூரில் கண் மருத்துவ டிப்ளமோதானே?

எழுத்து அதே, படிப்பு வேறு. அமெரிக்க டி.ஓ. முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். கூடுதலாக, தசை, மூட்டு அசைவைக் கையால் தடவிப் பார்த்துச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி பயிற்சி உண்டு. 1892இல் மிசௌரியின் கர்க்ஸ்வில் ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார்.

எம்.டி. ஆசிரியர்களுக்கு இது ஏன் திடீரென்று தேவைப்படுகிறது?

முன்பு டி.ஓ.க்களுக்குத் தனி ரெசிடென்சிகள் இருந்தன. 2015 முதல் 2020 வரை படிப்படியாக எல்லாம் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற, ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. ஆஸ்டியோபதி பயிற்சியும் தருவதற்கான 'ஆஸ்டியோபதி அங்கீகாரம்' வேண்டுமா என்பது அந்தந்த ரெசிடென்சியின் விருப்பம். அங்கீகாரம் இல்லாத இடத்திலும் டி.ஓ. ரெசிடென்ட் வந்து நிற்பார், அவருக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

நான் எம்.டி. முதுகைத் தொட்டுச் சிகிச்சை செய்ததே இல்லை. எனக்கு என்ன பயிற்சி கொடுத்து என்ன பயன்?

உங்களை வைத்தியம் செய்யச் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்தால் போதும். இடுப்பு வலியோடு வந்தவரைப் பார்த்துவிட்டு ரெசிடென்ட் வருகிறார். எக்ஸ்ரே, மாத்திரை என்று ஒப்பிக்கிறார். "கைக்கு என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். திசு இறுக்கம், இரு பக்க வித்தியாசம், அசைவுக் குறை, தொட்டால் வலி: இந்த நான்கையும் அவர் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை என்றால் அடுத்த மாதம் அவர் தொட்டே பார்க்க மாட்டார்.

முதல் வருடம் ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். சுத்த வீண். அடுத்த முறை ஆசிரியர்களையே மேசையில் படுக்கவைத்தேன். கவுன்டர்ஸ்ட்ரெயின் என்ற முறையில் வலிக்கும் புள்ளியில் விரலை வைத்து, வலி குறையும் நிலைக்கு உடம்பை மடக்கி, 90 விநாடி அப்படியே பிடிக்க வேண்டும். மூத்த எம்.டி. ஒருவர் நாற்பதாவது விநாடியிலேயே "போதுமே?" என்றார். முடிந்ததும் புள்ளியைத் தானே அழுத்திப் பார்த்துக்கொண்டு எதுவும் பேசவில்லை. அதற்கப்புறம் அவருடைய ரெசிடென்ட்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

இது சுளுக்கு எடுப்பதுதானே சார்? சடக்கென்று கழுத்தைத் திருப்பினால் ஆபத்தில்லையா?

சடக்கென்று திருப்புவது பல முறைகளில் ஒன்றுதான். ஆபத்து உண்டு. முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்திருக்கலாம்; எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) எலும்பு முறியலாம். அங்கே வேகமான திருப்பல் கூடவே கூடாது. எந்த ஆசிரியரும், எம்.டி.யானாலும், இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்ல டி.ஓ. பட்டம் தேவையில்லை.

பில் போடுவதில் குழப்பம்.

98925 முதல் 98929 வரை ஐந்து குறியீடுகள், எத்தனை உடற்பகுதிகளுக்குச் சிகிச்சை என்பதைப் பொறுத்து. எந்தப் பகுதியில் என்ன கண்டார், என்ன செய்தார் என்று ரெசிடென்ட் எழுதியிருக்கிறாரா பாருங்கள். "ஓ.எம்.டி. (ஆஸ்டியோபதி கைச் சிகிச்சை) செய்தேன்" என்ற ஒரு வரியோடு விட்டால் பணம் வராது.

நான் எம்.டி. ரெசிடென்ட். எனக்கும் கற்றுக்கொடுப்பார்களா?

அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி என்றால் வாய்ப்பு உண்டு, ஆனால் அடிப்படைப் பயிற்சியை முதலில் முடித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். வரும்போது நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள்.