குளிரில் பொறிவண்டு செத்துப்போகுமா?

தம்பி, இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே இதைக் கவனித்திருக்கிறீர்களே, ரொம்ப சந்தோஷம். ஜன்னல் இடுக்கில் பொறிவண்டுகள் கூட்டமாக ஒட்டிக் கிடக்கின்றன, உயிர் இருக்கிறதா, உள்ளே எடுத்துவைத்துக் காப்பாற்றலாமா என்று கேட்டீர்கள். உயிர் இருக்கிறது. உள்ளே மட்டும் கொண்டுவராதீர்கள்.

வெயிலில் வளர்ந்த நமக்குக் குளிர்தான் எமன் என்று தோன்றும். இவற்றுக்கு அப்படி இல்லை. பகல் பொழுது குறையத் தொடங்கியதுமே இவற்றின் உடம்பு தயாராகிவிடுகிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சிகளான அசுவினிகளைத் தின்று கொழுப்பு சேர்க்கும், அப்புறம் குடலைக் காலி செய்துவிடும், ஏனென்றால் வயிற்றில் தங்கும் துணுக்கைப் பற்றிக்கொண்டுதான் உடம்புக்குள் பனிக்கட்டி உருவாக ஆரம்பிக்கும். பல பூச்சிகள் கிளிசரால் போன்ற பொருளையும் தாமே தயாரிக்கின்றன. காரின் ரேடியேட்டரில் ஊற்றுகிற உறையாத் திரவம் மாதிரிதான், 0 டிகிரிக்குக் கீழே போனாலும் உடம்பு நீர் உறையாது. சேர்த்த கொழுப்பைத் துளித்துளியாகச் செலவழித்தே வசந்தம் வரை ஓட்டிவிடும்.

சூடான அறைக்குள் கொண்டுவந்தால் விழித்துக்கொள்ளும். தின்ன ஒன்றும் இருக்காது, கொழுப்பு தீரும், ஹீட்டர் காற்றில் உடம்பும் வறண்டுபோகும். நான் வந்த புதிதில் இந்தத் தவறைச் செய்தேன். கும்பிடுபூச்சியில் பெரியவை உறைபனியில் செத்துவிடும், நுரை இறுகியது போன்ற முட்டைக்கூடு மட்டும் குச்சியில் ஒட்டி நிற்கும். பாவமாக இருக்கிறதே என்று அதைக் குச்சியோடு ஒடித்து வீட்டுக்குள் வைத்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மேசை முழுக்கக் குஞ்சுகள், நூறுக்கு மேல் இருக்கும். கொடுக்க இரை இல்லை, ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

எல்லாப் பூச்சிக்கும் ஒரே வழி இல்லை. தட்டானின் இளம்புழுக்கள் பனிக்கட்டிக்கு அடியில் குளத்து நீரிலேயே இருக்கும். பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சியில் ஒரு வகை, குளிருக்குப் பழுப்பாக மாறி, வசந்தத்தில் மறுபடி பச்சையாகும். ஏழுபுள்ளிப் பொறிவண்டு சருகுக்கும் புல் தூருக்கும் அடியில் பதுங்கும். வீட்டைத் தேடி வருவது பெரும்பாலும் ஆசியப் பொறிவண்டு, உங்கள் ஜன்னலில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

பனி விழுந்து மூடினால் பயப்பட வேண்டாம், அது போர்வை. பனி கனமாக மூடியிருந்தால், மேலே காற்று நன்றாகக் குளிர்ந்தாலும் அடியில் மண் பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். சருகை ஒட்டக் கூட்டி மூட்டை கட்டிப் போடுவதுதான் உண்மையான ஆபத்து. செடிகளுக்கு அடியில் விட்டுவிடுங்கள். காய்ந்த தண்டுகளையும் வசந்தத்தில் வெயில் நிலைத்த பிறகு வெட்டினால் போதும். ஜன்னல் வண்டுகள் அறைக்குள் வந்துவிட்டால் ஒரு காகிதத்தில் மெதுவாகத் தள்ளி, ஹீட்டர் இல்லாத கொட்டகையிலோ சருகுக் குவியலிலோ விடுங்கள். நசுக்கினால் மஞ்சள் கறையும் நாற்றமும் வரும், பார்த்து எடுங்கள்.