கவனிப்பாரற்றுக் கிடந்த சேவலை வீட்டுக் கோழிகளோடு எப்போது சேர்க்கலாம்?

காலி மனையில் யாரோ கட்டிப்போட்டு விட்டுப்போன சேவலைத் தூக்கி வந்துவிட்டீர்கள். வீட்டில் 5 நாட்டுப் பெட்டைகள் இருக்கின்றன. இன்றைக்கே ஒன்றாக விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். 30 நாள் தனியாக வையுங்கள். கேள்விக்குப் பதில் இதுதான். அந்த 30 நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

"ஒரு சேவலுக்கு இத்தனை பாடா, குழம்பு வைத்துவிட்டுப் போகலாமே" என்று யாராவது கருத்தில் எழுதுவார்கள். கேட்டவர் அதை வளர்க்க ஆசைப்படுகிறார். தவிர, என்ன நோய், என்ன மருந்து என்று தெரியாத பறவையை அடுப்பில் ஏற்றுவதும் சரியல்ல.

கூண்டு உங்கள் கோழிகளிடமிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, காற்று அங்கிருந்து இவற்றின் பக்கம் அடிக்காத இடத்தில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம், தீனித் தட்டு, துடைப்பம் எல்லாம் அதற்கென்று தனியாக. செருப்புகூட தனி ஜோடி. காலையில் முதலில் உங்கள் பெட்டைகளைக் கவனித்து முடித்துவிட்டுக் கடைசியாகச் சேவலிடம் போங்கள். அங்கிருந்து கை கழுவாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். 30 நாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயின் கிருமி உள்ளே போயிருந்தால் வெளியே தெரிய 2 முதல் 15 நாள் வரை ஆகலாம். பேனுக்கும், கால் செதிலுக்கடியில் வாழும் பூச்சிக்கும் வைத்தியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து முடிக்க மீதி நாட்கள் வேண்டும்.

பிடிப்பதென்றால் இருட்டிய பிறகு, அடைந்ததும் பிடியுங்கள். இரண்டு சிறகையும் உடலோடு சேர்த்து ஒரு பழைய துண்டால் சுற்றி அக்குளில் அணைத்துக்கொள்ளுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். கோழிக்கு நம்மைப் போல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. தொங்கும்போது குடல் எடை நுரையீரல் பக்கம் அழுத்தும், கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் இருக்கும் தண்ணீர் தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மெலிந்த பறவை அதிலேயே போய்விடக்கூடும்.

இனி உடலைத் தடவிப் பாருங்கள். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை இல்லாமல், எலும்பு கத்தி முனைபோல் கையில் பட்டால் பட்டினி நீண்ட நாள் நடந்திருக்கிறது. அடுத்து கால். கட்டிப்போட்ட சேவலில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதுதான், பலர் தவறவிடுவதும் இதையேதான். கயிற்று இழையோ, நைலான் நூலோ, தலைமுடியோ விரலைச் சுற்றி இறுகி, மேலே தோல் வளர்ந்து மூடியிருக்கும். வெளியே இழை தெரியாது. ஒரு விரல் மட்டும் மற்றதைவிடப் பருத்தும் கறுத்தும் இருக்கும், அடியில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை ஊறவைத்தால் தோல் இளகும். சின்னக் கத்தரியின் நுனியை இழைக்கடியில் விட்டு ஒரே இடத்தில் வெட்டி, ட்வீசரால் மெதுவாகச் சுற்றி எடுங்கள். பிடித்து இழுத்தால் சதையோடு வரும். எடுத்த பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். விரல் முழுக்கக் கறுத்து ஜில்லென்று இருந்தால் உங்கள் கைவேலை வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியதுபோல் தடித்திருந்தால் அது செதிலுக்கடியில் வாழும் பூச்சி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ தாராளமாகப் பூசுங்கள். எண்ணெய் செதில் இடுக்கில் இறங்கிப் பூச்சிக்கு மூச்சு முட்ட வைக்கும். 3 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது 4 வாரம். செதிலைப் பிய்த்து எடுக்காதீர்கள். மண்ணெண்ணெய், வண்டியின் பழைய ஆயில் தடவச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள், தோல் வெந்துவிடும். "எங்கள் ஊரில் காலங்காலமாக அதைத்தான் தடவுகிறோம்" என்பவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. வாசலின் அதே வேலையைப் புண்ணாக்காமல் செய்கிறது.

ஆசனவாய்ச் சிறகுகளைப் பிரித்து அடிக்காம்பைப் பாருங்கள். வெள்ளை ரவை உருண்டைபோல் ஒட்டியிருந்தால் பேன் முட்டை. பேன் மருந்து பேனைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அது பொரிக்க ஒரு வாரம் ஆகும் என்பதால் 7 முதல் 10 நாளில் மறுபடி போட வேண்டும். மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து ஒரு அகலத் தொட்டியில் வைத்தால் அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும்.

முகம் வீங்கி, கண் ஒட்டி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அந்தச் சளி நோய் தேறிய பிறகும் கிருமி உடம்பில் தங்கிவிடும். சேவல் பார்க்க நன்றாக இருக்கும், உங்கள் பெட்டைகள் ஒவ்வொன்றாக நோயில் படுக்கும். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படிப்பட்ட சேவலைக் கடைசிவரை தனியாகத்தான் வளர்க்க வேண்டும்.

தீனி விஷயத்தில் பாசத்தால் கெடுப்பவர்கள்தான் அதிகம். பட்டினி கிடந்ததே என்று ஒரு கிண்ணம் நிறையக் காய்ந்த சோளத்தைக் கொட்டினால், அது தீனிப்பையில் ஊதி அடைத்துக்கொள்ளும். முதல் நாள் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து வையுங்கள். கூடவே ஊறவைத்த கம்பு அல்லது குழைந்த சோறு, வேளைக்கு 20 கிராம், நாளுக்கு 4 வேளை. மறுநாள் காலை தீனி போடுமுன் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் நல்லது. கல்போல் இருந்தாலோ, தளதளவென்று புளித்த வாடை அடித்தாலோ தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். 4, 5 நாளில் முழு அளவான 100 முதல் 120 கிராமுக்கு வந்துவிடலாம். அவித்த முட்டை பாதி, வாரம் இரண்டு முறை கொடுத்தால் சதை சீக்கிரம் ஏறும். பொடிக்கல் கலந்த கரட்டு மணலும் வையுங்கள்; பல் இல்லாத பறவைக்கு அதுதான் அரைத்துக் கொடுக்கிறது.

முட்டைக்கோழித் தீவனம் சேவலுக்கு வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும், சேவலுக்கு 1 சதவீதம் போதும். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேர்த்து வளர்க்கும்போது எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பெட்டைகள் தேவைக்குத் தின்னும்.

ஓரளவு தேறியதும் குடற்புழு மருந்து, அதற்கு ஒரு வாரம் கழித்து வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. அளவை இங்கே எழுதவில்லை. எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெட்டைகளுக்கும் மருந்து கொடுத்தால் அவற்றின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள். உங்கள் பெட்டைகளுக்கும் தடுப்பூசி போடாமல் இருந்தால் சேர்த்துப் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. மருந்துக் கடையில் வாங்கினால் ஒரு குப்பி 100 கோழிக்கு மேல் வரும், கரைத்தால் 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் பேசிவைத்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்லது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிழாவில் பச்சை, ரோஸ் என்று சாயம் முக்கிக் கூடையில் விற்கிறார்களே, அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வேண்டாத ஆண் குஞ்சுகள். பொரித்த குஞ்சு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவால் 2, 3 நாள் துள்ளும், அதை நம்பிக் குழந்தைக்கு வாங்கித் தருகிறோம். முதல் வாரம் அதற்கு 35 டிகிரிச் சூடு வேண்டும் என்று விற்பவர் சொல்வதில்லை. பெரும்பாலானவை செத்துப்போகின்றன. தப்பிப் பிழைப்பது 4, 5 மாதத்தில் கூவத் தொடங்கியதும் தெருவுக்குப் போகிறது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

31ஆம் நாளுக்கு வருவோம். சேவலை உங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நடுவே வலை வைத்து ஒரு வாரம் விடுங்கள். பார்க்கட்டும், கொத்த முடியாமல் இருக்கட்டும். பிறகு ஒரு நாள் இருட்டியதும் பெட்டைகள் அடைந்திருக்கும் கட்டையில் கொண்டுபோய் உட்கார்த்திவிடுங்கள். கட்டையில் கோழிக்கு 25 செ.மீ. இடம் வேண்டும், உயரம் 2 அடிக்கு மேல் வேண்டாம். கனத்த சேவல் உயரத்திலிருந்து குதித்துக் குதித்து உள்ளங்காலில் ஆணிபோல் புண் வந்துவிடும். காலையில் வெளிச்சம் வருமுன் நீங்கள் அங்கே இருங்கள். நாலு கொத்து, இரண்டு துரத்தல் இருந்தால் பரவாயில்லை. ரத்தம் வந்தால் பிரித்துவிட்டு இன்னொரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம்.

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை இருப்பதுதான் நல்லது. உங்களிடம் 5தான், ஒரே பெட்டையின் மேல் சேவல் அடிக்கடி ஏறும். அதனால் பெட்டைகளின் பிடரியையும் முதுகையும் வாரம் ஒருமுறை பாருங்கள். சிறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவலை அரை நாள் மட்டும் உள்ளே விடுங்கள். சேவலின் கால் முள்ளின் கூர் நுனியை நக அரத்தால் மழுக்கிவிடுங்கள். ஆழமாக வெட்டக்கூடாது, உள்ளே எலும்பும் ரத்தமும் ஓடுகிறது. முட்டையைத் தினமும் எடுத்துவிட்டால் சேவல் கூடியிருந்தாலும் கரு வளராது, தாராளமாகச் சாப்பிடலாம்.